வாய்மூடி பட்டன்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் எனக்குப் புது உத்தியோகம். சம்பளம் கிடையாது. பதவியின் பெயர் ‘புரியாதவர்’.

மகள் ஜெசிந்தா வேலை செய்யும் சென்னைக் கம்பெனி, அமோனியா கசிந்தால் சங்கு ஊதுகிற பெட்டி செய்கிறது. நான் ஆபரேட்டராக இருக்கும் ஐஸ் கம்பெனிச் சுவரிலும் அதுதான் தொங்குகிறது. “என் பிள்ளை கம்பெனி சாமான்” என்று முதலாளியை நச்சரித்து வாங்க வைத்தவன் சாட்சாத் மிக்கேல், அதாவது நான். இப்போது அந்தப் பெட்டிக்குப் புத்தகம் வேண்டுமாம். உள்ளே ஓடும் புரோகிராமை எழுதிய பையன் விளக்கம் ஒன்றும் எழுதி வைக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டான். அதனால் புரோகிராமைத் தானே படித்து, தானே புத்தகம் எழுதிக் கொடுக்கிற ஒரு மென்பொருளை ஜெசி ஓட்டுகிறாள். தமிழிலும் எழுதுகிறது. வீட்டிலிருந்தே வேலை. எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவள் ஆபீஸ்.

“எப்பா, தமிழ்ப் புத்தகம் ஆபரேட்டர்மாருக்குத்தான். ஒரு ஆபரேட்டர் படிச்சா புரியுதான்னு பாக்கணும். புரியாததை எல்லாம் இந்த டைரில குறிச்சு வைங்க.”

“எல்லாத்தையும்னா டைரி பத்தாதேட்டி.”

“பத்தாங்கிளாஸ் படிச்சிருக்கீகல்லா?”

“ரெண்டு தடவை படிச்சிருக்கேன்.”

அடுப்படியிலிருந்து ரோஸ்லின் சிரிக்கிற சத்தம் கேட்டது. கட்டின மனைவி.

ஜூன் 5, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். ஒரு கம்ப்ரசர்தான் ஓடுகிறது. எங்களுக்குத் தரையைக் கழுவுவதும் ஒருவரையொருவர் கேலி பண்ணுவதும்தான் வேலை.

வியாழக்கிழமை ஆயில் எடுக்கிற நாள். மெஷினுக்குள் தங்கும் பழைய எண்ணெயைத் திறந்துவிடும்போது கூடவே கொஞ்சம் அமோனியாவும் வரும். பெட்டி அதை மோந்துவிட்டால் சங்கு அலறும், தெருவே திரண்டு வரும். முதல் தடவை அப்படித்தான் வந்தது. எதிர்வீட்டம்மா முட்டை பொரித்துக்கொண்டிருந்த கரண்டியோடு வந்து பேச்சிமுத்துவை அடிக்கப் போய்விட்டாள். அதிலிருந்து ஆயில் எடுக்குமுன் பெட்டியில் உள்ள பட்டனை அமுக்கிவிடுவது வழக்கம். அதற்கு வாய்மூடி பட்டன் என்று பேர் வைத்தவன் பேச்சிமுத்து. என்னோடு ஒரே ஷிப்டு பார்க்கிறவன்.

இன்றைக்கும் அமுக்கினான். “எம்பொண்டாட்டிக்கும் இப்படி ஒண்ணு உன் மவள்ட்ட சொல்லிச் செஞ்சு தாயேன் வே.”

“ஆர்டர் உம் பொண்டாட்டி முதல்லயே குடுத்துட்டா. உனக்கு மாட்டத்தான்.”

ஜூன் 6, வெள்ளி

புத்தகத்தின் முதல் பக்கங்கள் என் போனுக்கு வந்தன. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது:

‘புரோட்டா ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். புரோட்டா மூன்றைத் தாண்டினால் சங்கு ஒலிக்கும்.’

திரும்பத் திரும்பப் படித்தேன். டைரியில் குறிக்க வேண்டிய இடம் இதுதான் என்று குறித்தேன்.

ஜெசி சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். எழுதின பையன் பசியில் இருந்தானாம். வாயு வாடை எத்தனை தடவை வந்தது என்று எண்ணுகிற இடத்துக்குப் புரோட்டா என்று பேர் வைத்திருக்கிறான். மென்பொருளுக்கு அது பேரா பலகாரமா என்று தெரியாது, அப்படியே எழுதிவிட்டது. நடுவில் அவன் தன் கையால் ஒரே ஒரு குறிப்பு விட்டிருக்கிறான். எழுதினவர் குறிப்பை மட்டும் அது ஓர் எழுத்தும் மாற்றாமல் புத்தகத்தில் சேர்த்துவிடும். அதுவும் இருந்தது:

‘எழுதியவர் குறிப்பு: பசிக்குது.’

எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பூசை. பிறகு கோழி. சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி போனில் மிச்சப் பக்கங்களைப் படித்தேன். ஒரு பக்கத்தை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

‘அமைதி. பொத்தான் அழுத்தப்பட்டால் சங்கு நிறுத்தப்படும். அமைதி உண்மை ஆகும். அமைதி உண்மையாக இருக்கும் வரை வாயுவின் அளவு சரிபார்க்கப்படாது. அமைதி பொய் ஆகும் இடம்: கருவி தொடங்கும்போது மட்டும்.’

முதலில் பைபிள் வசனம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம் எழுந்து உட்கார்ந்தேன்.

“ஏட்டி, இது என்ன சொல்லுது?”

அவள் படித்தாள். லாப்டாப்பைத் திறந்தாள். புரோகிராமை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்: “பட்டனை ஒரு தடவை அமுக்குனா, ஆஃப் பண்ணி ஆன் பண்ற வரைக்கும் பெட்டி எதையும் மோந்து பாக்காதுன்னு சொல்லுது.”

“புரோட்டா மாதிரி இதுவும் தப்பா எழுதியிருக்குமோ?”

“தெரியலப்பா. புரோகிராமும் அப்படித்தான் இருக்க மாதிரி தெரியுது. ஆனா எங்க ஆபீஸ்ல எத்தனையோ தடவை டெஸ்ட் பண்ணியிருக்கோமே.” சொன்னவள் லாப்டாப்பைப் பாதி மூடினாள். “ஆபீஸ்ல சாயங்காலம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.”

ஐஸ் கம்பெனியில் யார் ஆஃப் பண்ணுவார்கள்?

“கரண்டு போகும்ல? அப்ப தானே ஆஃப் ஆகியிருக்கும்” என்றாள்.

“பேட்டரி இருக்கே.”

“பேட்டரியா? எங்க பெட்டில பேட்டரி கிடையாதே! யாரு மாட்டுனது?”

“முதலாளி” என்றேன்.

காசு கொடுத்தவர் முதலாளிதான். அதில் பொய் இல்லை. கரண்டு போனால்கூட என் பிள்ளை கம்பெனிப் பெட்டி தூங்கக் கூடாது என்று எவனோ யோசனை சொல்லியிருக்கிறான். அது யார் என்பது இப்போது முக்கியம் இல்லை.

கோழி செரிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

அமோனியா நனைத்த துணியை ஒரு குச்சியில் சுற்றி, பெட்டியின் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். மூக்கு என்பது சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குமிழ். கண்ணீர் ஊற்றியது. எனக்கு. பெட்டிக்கு ஒன்றும் இல்லை. பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

இன்னும் கிட்டே பிடித்தேன். குமிழில் துணி பட்டது. பச்சை விளக்கு.

கால் நடுங்கியது. பக்கத்தில் பேச்சிமுத்து இருந்ததால் குளிர் என்று சொன்னேன். ஐஸ் கம்பெனியில் அது ஒரு வசதி.

மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி வயரையும் பிடுங்கி, திரும்ப மாட்டினோம். பெட்டி ஒரு சின்னக் கூவல் கூவியது. விழித்துவிட்டேன் என்று அர்த்தம். அப்புறம் துணியைக் காட்டினேன். அது அலறிய அலறலில் பேச்சிமுத்து துணியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான்.

“அப்பம் இத்தனை நாளா?” என்றான்.

அமோனியா கூடிப்போனால் முதலில் கண் போகும், அப்புறம் மூச்சு. வருஷக்கணக்கில் இதற்குள்ளேயே நின்று எங்கள் மூக்கு செத்துப்போனதால்தானே அந்தப் பெட்டியே வாங்கினோம்? அதன் கீழே பாய் விரித்து இவன் குறட்டை விட்டிருக்கிறான். நான் சோறு தின்றிருக்கிறேன்.

ஜெசிக்குப் போன் பண்ணி “பக்கம் சரிதான்” என்று மட்டும் சொன்னேன். சாதாரணமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். “எப்பா, ஏன் கத்துதீக?” என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஜெசி அவள் மேனேஜரிடம் பேசினாள். விவேகன் என்று பெயர். நான் பக்கத்து நாற்காலியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உருவுகிறவனுக்குக் காது கேட்காது என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“ஜெசிந்தா, அந்த டூல் புரோட்டா சுட்டுக் குடுத்த டூல். அது சொல்றதை வச்சு பிராடக்ட்ல கோளாறுன்னு சொல்லுவீங்களா?”

“சார், நேர்ல டெஸ்ட் பண்ணியாச்சு.”

“யாரு பண்ணா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

“ஒரு கஸ்டமர், சார்.”

“அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம். தீபாவளிக்குள்ள வந்துரும். அடுத்த புதன்கிழமையிலருந்து புத்தகம் எல்லாக் கஸ்டமருக்கும் தானாவே போகப்போகுது. இந்த நேரத்துல இந்தப் பக்கம் போனா கம்பெனிய இழுத்து மூடணும். அழிச்சிருங்க.”

அழித்துவிட்டாள். அவள் சம்பளத்தில்தான் இந்த வீட்டுக்கு மேல் மாடி வந்தது. நான் கீரை உருவுகிற ஆள்.

ஜூன் 11, புதன்

பக்கம் திரும்ப வந்துவிட்டது.

காலையில் எழுந்து பார்த்தால் அதே இடத்தில், அதே வார்த்தையில் நிற்கிறது. அமைதி உண்மை ஆகும். அமைதி பொய் ஆகும்.

ஜெசி விளக்கினாள். மென்பொருள் தினமும் புரோகிராமை முதலிலிருந்து படித்துப் புத்தகத்தைப் புதிதாக எழுதுமாம். புத்தகத்தில் அழித்துப் பிரயோஜனம் இல்லை. புரோகிராம் அப்படி இருக்கும்வரை அது அப்படித்தான் எழுதும்.

“அதுக்குப் பயம் கிடையாது போல” என்றேன்.

“வேலை போயிருமேன்னு அதுக்கு இல்லல்லாப்பா” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆயில் எடுத்தோம். பட்டனை அமுக்கினோம். முடிந்ததும் வயரைப் பிடுங்கி மாட்டினோம். கூவியது. இனி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்று பேச்சிமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன். நாங்கள் தப்பித்தோம்.

நாங்கள்.

ஜூன் 13, வெள்ளி

இன்று வந்த புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். புரோட்டா இருக்கிறது. பசிக்குது இருக்கிறது. அமைதி மட்டும் இல்லை.

இதை எழுதாதே என்று புரோகிராமில் ஒரு அடையாளம் வைத்தால் மென்பொருள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுமாம். முந்தாநாள் அவளே சொன்னதுதான்.

ஜெசி காப்பி கொண்டுவந்து வைத்தாள். எப்போதும் சர்க்கரை போடாதவள் இன்று போட்டிருந்தாள்.

“எப்பா, உங்க பெட்டி இப்ப சரியாத்தான இருக்கு?”

“அருமையா இருக்கு.”

“வயர் பிடுங்கி மாட்டுதீகல்லா?”

“மாட்டுதோம்.”

போய்விட்டு மறுபடி வந்து அதையே கேட்டாள். நானும் அதையே சொன்னேன். காப்பி பாயசம் மாதிரி இருந்தது. முழுதும் குடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தடைக்காலம் முடிந்தது. கடலுக்குப் போகிற எல்லாப் படகுக்கும் ஐஸ் வேண்டும். எல்லாக் கம்ப்ரசரும் ஓடுகிறது. நிறுத்தி வைத்த குழாய்க்குள் திடீரென்று முழு அழுத்தம் ஏறும் நாட்கள் இவை. எங்கள் கம்பெனியில் மட்டும் இல்லை. கடற்கரை நெடுக.

அந்தப் பெட்டி வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஜெசியிடம் கேட்டேன். நாகப்பட்டினம் பக்கம், ராமநாதபுரம் பக்கம், இறால் கம்பெனிகள், பால் குளிரூட்டுகிற இடங்கள். பெரிய இடங்களில் பேட்டரி மாட்ட யோசனை சொல்ல மிக்கேல் தேவையில்லை. யு.பி.எஸ். ஏற்கெனவே இருக்குமாம்.

“அவங்களும் ஆயில் எடுப்பாகல்லா?” என்றேன்.

“எப்பா, தெரியாமலா இருக்கேன்? என்னை என்ன பண்ணச் சொல்லுதீக?” என்று சத்தம் போட்டாள். ரோஸ்லின் ஓடிவந்தாள். நான் “புரோட்டா பத்திப் பேசிட்டிருந்தோம்” என்றேன்.

இந்த வீட்டில் நான்தான் ஆம்பிளை என்று ரேஷன் கார்டில் போட்டிருக்கிறது.

மத்தியானம் மீன் குழம்பு. மீன்முள்ளுக்குப் பயந்து சாப்பிடுகிறவன் மாதிரி ஒவ்வொரு வாயாக எடுத்து வைத்தேன். முள் இல்லாத மீன்.

ஜூன் 16, திங்கள்

எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் ஜெசி கம்பெனிக்கே வந்துவிட்டாள். பெட்டியின் மேல் உள்ள நம்பரைக் குறிக்க வேண்டும் என்றாள். இத்தனை வருஷம் அந்தப் பெட்டிக்கு வேலை செய்கிறவள், அது சுவரில் மாட்டியிருந்து பார்த்தது இல்லை.

மெஷின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டாள். பெட்டியின் அடியில் பேச்சிமுத்துவின் பாயும், என் சட்டையும், முருகன் படமும், மாதா படமும் இருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வா பாப்பா! உங்க கம்பெனிப் பெட்டி, ராசியான பெட்டி” என்றான் பேச்சிமுத்து. “நாங்க எப்படிப் பாதுகாக்கோம் பாரு. ஆயில் எடுக்கும்போது இந்தா, இப்படி...”

அமுக்கிவிட்டான்.

பேச்சு வாக்கில், வழக்கம்போல. அமுக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

“ஐயையோ. கை தானா போயிட்டுது வே.”

வயரைப் பிடுங்கி மாட்டினேன். கூவியது. என் விரல் வழுக்கி, வயரை மாட்ட முடியாமல் திணறியதை அவள் பார்த்துவிட்டாள். குளிர் என்று நான் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஜெசி கேட்டாள். “எப்பா, விஷயம் தெரிஞ்ச மாமாவே அமுக்கிட்டாவ.”

“ம்.”

“தெரியாதவங்க?”

ரோட்டில் மீன் வண்டி போனது. அது போகட்டும் என்று நின்றோம். அது போன பிறகும் நின்றோம்.

“நீ என்ன பண்ணாலும் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வராதுட்டி” என்றேன். “எனக்கு இன்னும் ஓவர்டைம் இருக்கு.” தைரியமாகச் சொன்னதுபோல் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் வேகமாக உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் என் போன் நம்பரைக் கேட்டாள்.

“உனக்குத் தெரியாதா?”

“தப்பில்லாம எழுதணும். நாளைக்கு என் போனை ஆபீஸ்காரங்களே பிடிச்சுக்கிட்டிருப்பாங்க. அதனால உங்களது.”

சொன்னேன். அவள் தட்டிக்கொண்டே திரும்ப ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தாள்.

ஜூன் 18, புதன்

காலையில் புத்தகம் எல்லோருக்கும் போய்விட்டது. எனக்கும் வந்தது. பக்கம் திரும்ப இருந்தது. அமைதி உண்மை ஆகும், அமைதி பொய் ஆகும், எல்லாம் பழையபடி. அதற்குக் கீழே:

‘எழுதியவர் குறிப்பு: இந்தப் பொத்தானை வாய்மூடி பட்டன் என்றும் சொல்வார்கள். ஒரு முறை அமுக்கினால் பெட்டி செவிடு. பச்சை விளக்கை நம்ப வேண்டாம். மெயின், பேட்டரி, யு.பி.எஸ். எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டினால்தான் விழிக்கும். புரியவில்லை என்றால் இந்த நம்பரில் கூப்பிடுங்கள், ஒரு ஆபரேட்டர் பேசுவார். இந்தப் பெட்டிக்குக் கீழே என் அப்பா நிற்கிறார்.’

கண்ணில் அமோனியா.

ஆபீஸ் திறந்த கொஞ்ச நேரத்தில் ஜெசியின் லாப்டாப் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. விவேகன் போன் பண்ணினார். அவள் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள். ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டிவிட்டு, மகளுக்குத் தோசை ஊற்றப் போனாள்.

அப்புறம் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஜெசி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன்.

“அண்ணாச்சி, இறால் கம்பெனிலருந்து பேசுறேன். ராமநாதபுரம் பக்கம். புத்தகத்துல உங்க நம்பர் போட்டிருக்கு. எங்க பெட்டில பச்சை எரியுதே?”

“எரியும். நம்பாதீக. வாய்மூடி பட்டனை என்னைக்காவது அமுக்குனீகளா?”

“வாங்குன புதுசுல அமுக்குனோம். அதுக்கப்புறம் அது சத்தமே போட்டதில்ல. நல்ல பெட்டின்னு நினைச்சோம்.”

“எல்லா வயரையும் பிடுங்கி மாட்டுங்க. நான் லைன்ல இருக்கேன்.”

செருப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் பேசிக்கொண்டே இறால் உரிக்கிற சத்தம். யாரோ யாரையோ ‘ஏ கழுத’ என்றார்கள், ஒரே சிரிப்பு. சின்னக் கூவல் கேட்டது.

“கூவுச்சு அண்ணாச்சி.”

“அவ்வளவுதான். இனிமே...”

சங்கு அலற ஆரம்பித்தது.

“சும்மா விழிக்கும்போது கத்தும்ல?” என்றார்.

“இல்லய்யா. கூவும், அவ்வளவுதான். கத்தாது.”

நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அங்கே பெண்கள் சிரிப்பு நின்றுபோனது.

“அண்ணாச்சி, இங்க வாடையே இல்லையே...”

“மெஷின் ரூம் எங்க?”

“பின்னால. பெட்டியோட மூக்கு அங்கதான் இருக்கு. பூட்டியிருக்கு.”

“திறக்காதீக! கதவைத் தொடாதீக! பொம்பளைகளக் கூட்டிட்டு வெளிய ஓடுங்க. காத்து எதுக்க வர்ற பக்கமா. ஓடுங்க வே!” நான் எழுந்து நின்று எங்கள் வாசலைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டு கத்தினேன், ஏதோ அவர்கள் எங்கள் வீட்டுக்குள் இருப்பதுபோல. ரோஸ்லின் தோசைக்கரண்டியோடு வாசலுக்கு ஓடியேவிட்டாள்.

லைன் அறுந்தது. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். ஜெசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளையில் கடற்கரைக்குப் போனால் அப்படித்தான் பிடிப்பாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தோசை கருகியது. யாரும் போய் எடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். நேற்றே எழுதியிருக்க வேண்டும், கை ஓடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்தோம் அண்ணாச்சி, ஒரு ஆள் குறையவில்லை என்று இறால் கம்பெனிக்காரர் போனில் சொன்னார். பூட்டிய மெஷின் ரூமில் ஒரு வால்வு கசிந்திருக்கிறது. ஃபயர் சர்வீஸ் வந்து முகமூடி போட்டு அடைத்தார்களாம். உள்ளே யாராவது சும்மா கதவைத் திறந்திருந்தால் என்று ஆரம்பித்தார். முடிக்காமலே போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் போன் வைக்க நேரமில்லை. நாகப்பட்டினம், காரைக்கால், இன்னும் எங்கெங்கோ. ‘புரியாதவர்’ பதவியிலிருந்து எனக்கு உயர்வு. சம்பளம் இப்போதும் கிடையாது. ஜெசிக்கும் கிடையாது. கணக்கு முடிக்கச் சொல்லிச் சென்னையிலிருந்து தகவல் வந்துவிட்டது. அவள் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து யார் யார் கூப்பிட்டார்கள், பெட்டி விழித்ததா என்று குறித்துக்கொண்டிருக்கிறாள். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். “இல்லப்பா” என்றாள். எனக்கும் இல்லை.

இன்று ஆயில் எடுக்கிற நாள். பேச்சிமுத்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கையை நம்ப முடியாதாம். வாய்மூடியை யாரும் தொடவில்லை. எண்ணெயைத் திறந்தேன், சங்கு அலறியது, தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டம்மா கரண்டியோடு முன்னால் நின்று, எங்கள் இரண்டு பேருடைய வம்சத்தையும் வரிசையாக இழுத்துத் திட்டினாள்.

திட்டட்டும். இனி வியாழக்கிழமைதோறும் வரட்டும்.